நீர்யானை செல்லாது

எங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போர் வண்டி வந்த அன்று பள்ளிக்கூடம் லீவு. லீவு இல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். வெள்ளகோவில் பக்கம் அந்த வருஷம் மழையே இல்லை. தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. இந்தப் போரிலும் தண்ணீர் வராவிட்டால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு போய்விடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அடுத்த தோட்டத்தில் இருந்த பெரியப்பா மகளை, என் உயிரான அக்காவை, விட்டுவிட்டு நான் எங்கும் போவதாக இல்லை.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர், சூடம் காட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"வண்டி ஓடறப்ப புழுதி, வறட்சின்னு ஆரும் சொல்லிப்போடாதீங்க. தண்ணிப் பேச்சாவே இருக்கோணுமுங்க."

பெரியவர்கள் சும்மா தலையாட்டினார்கள். நானும் அக்காவும் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டோம். வண்டி போட்ட கூச்சலுக்கு மேலே, பெயரில் தண்ணீர் உள்ளதையெல்லாம் மாற்றி மாற்றிக் கத்தினோம். நீர்க்கோழி என்றேன். நீர்க்காகம் என்றாள். தண்ணிப்பாம்பு, நீர்முள்ளி, நீர்ப்பூசணி, நீர்மோர் என்று போய், அக்கா தண்ணீர்விட்டான் கிழங்கு என்று ஒரு போடு போட்டாள். நான் விடுவேனா? நீர்யானை என்றேன்.

"நீர்யானை செல்லாது. நம்மூருல அத ஆரு பாத்தா?"

"டிவில நான் பாத்தனே!"

சண்டை முற்றிய வேகத்தில் தண்ணி லாரி என்று சொல்லிவிட்டேன். அம்மா நறுக்கென்று தலையில் குட்டினார். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி அலுத்துப்போனவர் அவர்.

மத்தியானமாகியும் வெறும் கல்பொடிதான் பறந்தது. நிறுத்திவிடலாமா என்று வண்டிக்காரர் கையைக் காட்டினார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாதான் விடவில்லை.

"இன்னும் ரெண்டு குழாய் எறக்கிப் பாத்துப்போடலாம் தம்பி."

எங்களுக்கும் பெயர்கள் தீர்ந்துவிட்டன. எனக்கு அழுகை வந்தது. அக்கா என் காதில், "நீர்ச்சுண்டி. நீயே சொல்லு" என்றாள். அது செடியா மீனா என்றுகூடத் தெரியாமல் தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் சேறு வந்தது. பிறகு தென்னை உயரத்துக்குத் தண்ணீர்! நானும் அக்காவும் நனைந்துகொண்டே குதித்தோம். பெரியப்பா அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தண்ணீரை வரவழைத்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் பெரியப்பா தோட்டத்து மோட்டார் வெறும் காற்றை இறைத்தது. இரண்டு தோட்டத்துக்கும் அடியில் ஓடியது ஒரே ஊற்று. பெரியவர்களுக்கு அது புரிந்துவிட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. குழாய் போட்டுத் தண்ணீர் தருகிறேன் என்று அப்பா எவ்வளவோ கெஞ்சினார். "ரெண்டு தோட்டத்துக்குப் பத்தாது தம்பி. உன்ற மரமாச்சும் பொழைக்கட்டும்" என்றுவிட்டார் பெரியப்பா.

பெரியப்பா குடும்பம் திருப்பூருக்குப் புறப்பட்ட அன்று டெம்போவில் கட்டில், பாத்திரமெல்லாம் ஏறியது. பிரியக்கூடாது என்றுதானே நான் அத்தனை கத்தினேன்! இப்போது அக்காவே என்னை விட்டுப் போகிறாளே என்று எனக்குக் கோபம் பொங்கியது. அவளுடன் பேசாமல் தள்ளி நின்று அழுதேன். பெரியம்மா டெம்போவிலிருந்து இறங்கி வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழுகாத அம்மணி. உங்குளுக்குத்தான் தண்ணி வந்துருச்சில்ல."

அதைக் கேட்டதும் அப்பா விடுவிடுவென்று மோட்டார் ரூமுக்குப் போனார். வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. கரண்ட் போய்விட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.