ரத்தம் காட்டிக்கொடுத்த முட்டி

என் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுறவர். கூட வேலை செய்யிறவங்க அவருக்கு வச்ச பட்டப்பேர் மட்டக்கோல். தரையில துளி ஏத்த இறக்கம் தெரிஞ்சாலும், ஒட்டினதைப் பேர்த்துட்டு மறுபடி ஒட்டுவார். அவர் வாயிலேருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடும். ஆனா ஒண்ணை முடிவு பண்ணிட்டார்னா, குறுக்கே நின்னு பிரயோஜனமே இல்லை.

அவரோட அக்காவுக்கு, அதாவது நான் அண்ணின்னு கூப்பிடுற என் நாத்தனாருக்கு, ரெண்டு கிட்னியும் போச்சு. மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வருவாங்க, வந்த களைப்புல சுருண்டு படுப்பாங்க, எந்திரிக்கும்போது மறுபடி போற நாள் வந்திருக்கும். "என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கோக்கா"ன்னார் இவர். "போடா, உனக்குப் பிள்ளைங்க இருக்கு"ன்னாங்க அண்ணி. இவர் அதைக் காதுலயே போட்டுக்கலை. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, அதுக்காக வேண்டாம்னு சொல்ல மனசும் வரலை.

எல்லாம் பொருந்திச்சு. ஆபரேஷனுக்குத் தேதியும் குறிச்சாச்சு. கடைசி ரத்தப் பரிசோதனையில வந்து முட்டுச்சு பாருங்க! சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு, இ.எஸ்.ஆர்.ன்னு ஒண்ணு, ரெண்டும் எக்கச்சக்கமா ஏறிக் கிடந்துச்சு.

"உடம்புக்குள்ள அழற்சி இருக்கு"ன்னாங்க டாக்டரம்மா. "இருக்குன்னு மட்டும்தான் இந்த டெஸ்ட் சொல்லும். எங்கே, எதனாலன்னு சொல்லாது. ஏதாவது தொற்றா இருந்தா கிட்னியோட சேர்ந்து உங்க அக்கா உடம்புக்கும் போயிடலாம். காரணம் தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்."

"எனக்கு ஒண்ணுமில்லை, வலி கிலி எதுவுமில்லை"ன்னார் இவர்.

பல்லைப் பார்த்தாங்க. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தாங்க. வயித்தை ஸ்கேன் பண்ணாங்க. எல்லாம் சுத்தம். பக்கத்து வீட்டம்மா, "ஒருவேளை கேன்சரா..."ன்னு இழுத்தாங்க. "உங்க வாயில நல்லதே வராதா?"ன்னு கத்திட்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணி போன்ல, "உன் ரத்தமே வேண்டாங்குது. விட்டுடுடா"ன்னாங்க. தேதியும் ரத்தாச்சு. இவர் மட்டும் அசையலை. "மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லு"ன்னு கிளம்பிட்டார்.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நடக்கும்போது ஒரு டைல்ஸ் காலடியில டொக்குன்னுச்சு. இந்த மனுஷனுக்குப் பொறுக்குமா? "அடியில பசை பிடிக்கலை"ன்னு சொல்லிக்கிட்டே, போறவங்க வர்றவங்க பார்க்க அங்கேயே மண்டிபோட்டுத் தட்டுறார். எனக்கு மானமே போச்சு. திட்ட வாயெடுத்தவ அப்படியே நின்னுட்டேன். கல்யாணமான நாள்லேருந்து நான் பார்க்கிறேன், இவர் எப்பவும் ஊனுறது வலது முட்டியை. அன்னிக்கு இடதை ஊனியிருந்தார்.

"வலதுக்கு என்னங்க ஆச்சு?"

"அட, அது தொழில் முட்டி."

டைல்ஸ்காரங்க எல்லாருக்குமே முட்டி தடிச்சு வீங்கித்தான் இருக்கும். அதைப் போய் யாரும் நோவுன்னு சொல்ல மாட்டாங்க, சொன்னா கூட இருக்கிறவங்க சிரிப்பாங்க. நான் அங்கேயே கால்சட்டையைச் சுருட்டினேன். முட்டி செவந்து, தொட்டா அனலா கொதிச்சுது. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் டாக்டரம்மா முன்னாடி உக்கார வச்சேன்.

ஊசி குத்தி நீரை எடுத்தாங்க. கலங்கலா வந்துச்சு. டைல்ஸ் சில்லு கீறின இடம் வழியா கிருமி உள்ளே போயிருக்குன்னாங்க. "இதை எப்படிங்க தாங்கினீங்க? வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணு கூட போடலைங்க. அது கிட்னிக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அக்காவுக்குப் போற சாமானாச்சே."

எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. "வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"ன்னு கத்தினேன்.

"சொன்னா என்னை வேண்டாம்னு அனுப்பிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு"ன்னார்.

கிருமிக்கு மருந்து குடுத்து, முட்டி போடவே கூடாதுன்னுட்டாங்க. வீட்டுல நாற்காலியில உக்கார வச்சுக் கட்டி மேய்க்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

அடுத்த டெஸ்ட்ல சி.ஆர்.பி. இறங்கி சரியான அளவுக்கு வந்துடுச்சு, ஆனா இ.எஸ்.ஆர். இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு. இவர் முகம் தொங்கிப் போச்சு. "பயப்படாதீங்க"ன்னாங்க டாக்டரம்மா. "சி.ஆர்.பி. சட்டுன்னு ஏறும், சட்டுன்னு இறங்கும். இ.எஸ்.ஆர். இறங்க நாளாகும். முட்டியும் ஆறிடுச்சு, மத்த எல்லாம் சரியா இருக்கு. தேதி குறிக்கலாம்."

நேரா அண்ணிகிட்ட போனோம். மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. மாத்திரை போடாம வலியைப் பொறுத்ததையும் நான் போட்டு உடைச்சுட்டேன். அண்ணி இவரை ஒரு அறை விடுவாங்கன்னு நினைச்சேன். ஊசி குத்தாத கையால இவர் முட்டியைத் தடவினாங்க. இத்தனை நாளா வேண்டாம், விட்டுடுன்னு சொல்லிக்கிட்டிருந்த வாய் கோணிக்கிச்சு.

"எனக்கு வாழணும்னு ஆசையா இருக்குடா"ன்னாங்க. "குடுடா."