"ரோடு இருக்குல்ல?" என்றார் வாப்பா

எண்பதுகளின் தொடக்கத்தில், டிசம்பர் மாத அடைமழையில், கிள்ளானில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை, வாப்பாவின் தம்பி இருந்த ஊரின் பெயரையும்தான். எழுதினால், அந்த விமானச் சண்டையை இன்றைக்கும் விட்ட இடத்திலிருந்து தொடங்கக்கூடியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

வாப்பா கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவருடைய ஒரே தம்பி, என் சாச்சா, கிழக்குக் கரையில் ஒரு சின்ன டவுனில் துணிக்கடை நடத்தினார். இரண்டு பேரும் ஒரே கப்பலில், ஒரே டிரங்குப் பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். சாச்சா துணி எடுக்க அடிக்கடி கோலாலம்பூர் வருவார். வருவது விமானத்தில். இறக்கைக்கு ஒரு காற்றாடி வைத்த சின்ன விமானம்.

அவர் வரும் நாள் எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி. வாப்பா கறுப்புத் தொப்பியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடையைத் தொழிலாளிகளிடம் விட்டுவிட்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு சுபாங் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் காலத்தில் மேல்மாடத்தில் நின்று வருகிறவர்களுக்குக் கையாட்டலாம். சாச்சா படியில் இறங்கும்போதே, அந்தக் கரை மீன் அப்பளமான கெரொப்போக் பையைத் தூக்கிக் காட்டுவார். "காச காத்துல விடுறான் பாரு" என்று வாப்பா முணுமுணுப்பார். ஆனால் முதல் ஆளாகக் கையாட்டுகிறவரும் அவர்தான்.

அந்த விமானத்தை நிறுத்தப்போகிறோம் என்று விமான நிறுவனம் அறிவித்தது. ஆள் ஏறுவதில்லை, நட்டம் என்றார்கள். அந்த டவுன்காரர்கள் கொதித்துவிட்டார்கள். கிழக்குக் கரையில் மழைக்காலம் வந்தால் ஆறு பெருகி ரோட்டை விழுங்கிவிடும். அந்த நாட்களில் வெளி உலகத்துக்கு அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்தச் சின்ன விமானம். எதிர்க்கட்சி அதைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆளும் கட்சி, புது ரோடு போடுகிறோம், பாலம் கட்டுகிறோம் என்று பதில் பேசியது. எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் விமானத்துக்காக அடித்துக்கொண்டார்கள்.

சாச்சா கட்சிக்காரர் இல்லை. ஆனால் அவர் ஊரில் இதைப் பேச எதிர்க்கட்சி மேடைதான் கிடைத்தது, ஏறிப் பேசிவிட்டார். வாப்பாவோ கிள்ளானில் ஆளும் கட்சிப் பக்கம், கடைக்காரர்களில் பெரிய மனிதர். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாப்பாவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. மைக்கைக் கண்டால் அவருக்குப் பசி, தூக்கம் எல்லாம் மறந்துவிடும்.

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் வந்திருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் அவர்களை 'வொய்பி' என்போம். அவர் வாப்பாவின் தோளில் கைபோட்டு, "நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க அங்கிள்" என்று மைக்கைக் கொடுத்தார். நானும் உம்மாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

வாப்பா நன்றாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கைதட்டல் ஏறிவிட்டது. "ரோடு இருக்குல்ல? பின்ன பிளேன் எதுக்கு? நம்ம என்ன பறவையா?" என்றார். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு போதாமல் இன்னும் ஒன்றைச் சொன்னார். "என் சொந்தத் தம்பி அங்கதான் கடை வெச்சிருக்கான். அவன் பொறந்ததுலேருந்து தெரிஞ்சவன் நான் சொல்றேன். வீட்டுலேருந்து கடைக்குப் போகவே சோம்பேறிப்படுறவனுக்குத்தான் பிளேன் கேக்கும்." உம்மா என் தொடையைக் கிள்ளினார். "தம்பிய எதுக்கு இழுக்குறாரு இந்த மனுஷன்" என்று பல்லைக் கடித்தார்.

மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. இரண்டாவது நாளே அது சாச்சாவின் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது. விமானம் நின்றாலும் பேப்பர் போகும் வழி நிற்காது பாருங்கள். உன் அண்ணனே உன்னைச் சோம்பேறி என்கிறாரே, நீ ஊருக்காகப் பேச வந்தாயா என்று அங்கே ஆளும் கட்சிக்காரர்கள் கடை வாசலில் நின்று படித்துக் காட்டினார்களாம். சாச்சா போன் செய்தார். நான்தான் எடுத்தேன். வாப்பாவைக் கூப்பிடவே விடவில்லை. "காக்காகிட்ட சொல்லிடு புள்ள. இனிமே நான் ரோட்டுலதான் வருவேன். ரோடு எனக்குப் புடிச்சா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் பூர்விக ஊர்ப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வோம். அன்றைக்கு அவர் வாயில் அந்த வார்த்தை உடைந்துபோயிருந்தது.

விமானம் நின்றது. சாச்சாவின் வரவும் நின்றது. பெருநாள்கள் வந்து போயின. உம்மா ஒவ்வொரு பெருநாளைக்கும் போனைக் கொண்டுவந்து வாப்பாவின் பக்கத்தில் வைப்பார். "அவன் சின்னவன், அவன் கூப்புடட்டும்" என்பார் வாப்பா. அந்தப் பக்கம் சாச்சியும் இதே பாட்டைத்தான் கேட்டிருக்கிறார். "அவரு பெரியவரு, அவரு கூப்புடட்டும்." கெரொப்போக் மட்டும் யார் கையிலாவது கொடுத்து வந்துகொண்டிருந்தது. வாப்பா அதைத் தொட மாட்டார். நாங்கள் பொரித்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனால் தட்டில் பாதி குறைந்திருக்கும்.

முதலில் சொன்ன அந்த டிசம்பரில் ஒரு மாலை வாப்பா கடையில் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். இருதயம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். உடனே சாச்சாவுக்குப் போன் போட்டோம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். "கிளம்பிட்டேன்" என்ற ஒரு வார்த்தைதான் கேட்டது. அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விடிந்ததும் கிடைத்த லோரியில் ஏறிவிட்டார்.

மறுநாள் முழுவதும் வாப்பா நினைவு வந்தும் போயும் கிடந்தார். நினைவு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "தம்பி பிளேன் வந்துருச்சா? சுபாங்குக்கு யாரு போறா?" விமானம் இல்லை என்று அவருக்கு நினைவில்லையா, அல்லது அந்த நேரத்தில் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உம்மா அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "சுபாங்குக்குக் காடி அனுப்பிருக்கு, இப்ப வந்துருவாரு" என்றார். உம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

சாச்சா வழி நெடுகப் போன் செய்துகொண்டே வந்தார். தெமர்லோ பக்கம் ஆறு ரோட்டுக்கு மேல் ஓடுகிறது, லோரிகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன என்றார். பிறகு, படகில் கடந்து இந்தக் கரைக்கு வந்துவிட்டேன், இன்று ராத்திரி இங்கே ஒரு சூராவில், சின்னத் தொழுகைக் கூடத்தில், படுத்துக்கொள்கிறேன் என்றார். "காக்கா எப்படி இருக்காரு?" என்று கேட்டார். உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றேன். "விடிஞ்சதும் கிளம்பிடுறேன்" என்றார். மழைச் சத்தம்தான் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

அடுத்த நாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை நேரத்தில் வாப்பா மௌத்தாகிவிட்டார்.

எங்களில் மையத்தைக் காக்க வைக்க மாட்டார்கள். காலையில் இறந்தால் மதியத் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிடும். ஆனால் வாப்பாவுக்கு மகன் இல்லை. அவரைக் கபுரில் இறக்க வேண்டிய இரத்த சொந்தம் இந்த நாட்டிலேயே சாச்சா ஒருவர்தான். அவர் போன் வந்தபோது நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. "எப்ப அடக்கம்?" என்றார். மதியம் என்றேன். "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் மேலே கேட்கவில்லை. உம்மா போனைப் பிடுங்கினார். "சாயங்காலம் அஸர் வரைக்கும் வெச்சிருக்கோம். வந்துருங்க தம்பி." பள்ளிவாசல் இமாம் வருத்தப்பட்டாலும், தலையாட்டிவிட்டுப் போனார்.

குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, வாப்பாவைக் கூடத்தில் வைத்திருந்தோம். வாசலில் ஒவ்வொரு காடி நிற்கும்போதும் எல்லாத் தலையும் திரும்பும். வந்தது மளிகைக்கடைக்காரர். வந்தது கட்சிக்காரர்கள். வொய்பியும் வந்தார், பெரிய மாலையை வெளியிலேயே வைக்கச் சொன்னார்கள். எங்களில் மாலை போடுவதில்லை. அவர் என் பக்கத்தில் வந்து, "உங்க சித்தப்பா இன்னும் வரலையா? ரோடு மோசமோ?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைக்கைக் கொடுத்தது அவர், பேசியது என் வாப்பா.

அஸர் நெருங்கும்போது போன் அடித்தது. சாச்சா பெந்தோங்கில் ஒரு சீனர் காப்பிக்கடையிலிருந்து பேசினார். மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது, ரோட்டை அடைத்துவிட்டார்கள், எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உம்மா, "பொழுது சாய்ஞ்சு மஃரிப் வரைக்கும் பாக்கவா?" என்று கேட்டார். அண்ணியை மச்சி என்றுதான் கூப்பிடுவார் சாச்சா; அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"வேணாம் மச்சி. காக்காவ காக்க வைக்காதீங்க. அவருக்கு லேட்டானா புடிக்காது. எடுத்துருங்க."

கடைத் தொழிலாளிகள்தான் தூக்கினார்கள். இருபது வருடமாக வாப்பாவிடம் ரொட்டி தட்டியவர் கபுரில் இறங்கி அவரை வாங்கிப் படுக்க வைத்தார் என்று பிறகு சொன்னார்கள். ஆண்கள் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. உம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மஃரிப் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் சாச்சா வந்தார். மண் சரிந்த இடத்தை நடந்தே கடந்து, அந்தப் பக்கம் கிடைத்த வண்டியில் ஏறி வந்திருக்கிறார். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு இல்லை. கையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே கெரொப்போக். அந்த வெள்ளத்தில், படகில், லோரியில், அதை நனைய விடாமல் கொண்டுவந்திருந்தார். கூடத்தில் வெறும் பாயைப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உம்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று அழுதார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"காக்கா எதாச்சும் சொன்னாரா புள்ள?"

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன். "பிளேன் வந்துருச்சா, சுபாங்குக்கு யாரு போறான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க சாச்சா."

சாச்சா என்னையே பார்த்தார். "அவரு வாயால பிளேன்னு கேட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புதான், சத்தியமாக. "ரோட்டுலதான் வர்றான்னு நீ சொல்லிருக்கணும் புள்ள. தான் ஜெயிச்சுட்டோம்னு காக்கா சந்தோஷமா போயிருப்பாரு" என்றார். அடுத்த நொடி தோளிலிருந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மையவாடிக்குப் போனார். கூடப் போன ரொட்டிக்காரர் வந்து சொன்னார். மூடிய கபுர் மேல் சாச்சா மூன்று பிடி மண் அள்ளிப் போட்டாராம். நேற்று எல்லோரோடும் சேர்ந்து போட்டிருக்க வேண்டிய மண்.

சில வருடங்கள் கழித்து அந்த விமானம் திரும்ப வந்தது. அதையும் தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று இரண்டு கட்சியும் சொல்லிக்கொண்டன. முதல் நாள் ரிப்பன் வெட்டும்போது அன்றைக்குப் போராடியவர் என்று சாச்சாவையும் அழைத்தார்களாம். அவர் போகவில்லை. அதற்குப் பிறகும் எங்களைப் பார்க்க அவர் பஸ்ஸில்தான் வந்தார். பகலெல்லாம் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். "வயசாகுது, பிளேன்ல வரலாம்ல சாச்சா?" என்று என் கல்யாணத்தின்போது கேட்டேன். கெரொப்போக் பையை என் கையில் திணித்துவிட்டு, வாப்பா மாதிரியே தலையை ஆட்டி, "ரோடு இருக்குல்ல புள்ள" என்றார்.

இப்போதும் எந்தக் கூட்டத்தில் யார் பேசிக் கைதட்டல் எழுந்தாலும் என்னால் சேர்ந்து தட்ட முடிவதில்லை. எங்கோ ஒரு வெள்ளத்துக்கு அந்தப் பக்கம், தன் அண்ணன் முகத்தைப் பார்க்க ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்றே மனசு நினைக்கிறது.