தேர் ஜெனரேட்டரும் எங்கள் அக்காவும்

அக்கா பிறந்தது மலேசியாவில், பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா சீக்கிரம் போய்விட்டார். என்னை வளர்த்தது அக்காதான். திருமணமாகிக் கிள்ளானுக்கு வந்தார். அத்தான் இறந்த பிறகு, கையுறை ஃபேக்டரியில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நானும் அதே அடுக்குமாடியில் வீடு எடுத்தேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அந்தப் புயல் போதும்.

மாதா திருவிழாவுக்கு முதல் நாள் பேய்க்காற்று. மரம் விழுந்து கம்பி அறுந்தது. விடிந்தும் கரண்ட் இல்லை. லிஃப்ட் நின்றது. பம்ப் நின்றதால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. நான்காம் மாடியில் இருக்கும் பாய்க்கு மூச்சுக் கோளாறு; மெஷின் ஓடினால்தான் ஆக்சிஜன். கையிலிருந்த சிலிண்டர் சாயங்காலம் வரைதான் தாங்கும். சாலையெல்லாம் மரம். ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். தேர் விளக்குக்கான ஜெனரேட்டர் லோரியில் தயாராக நின்றது. அதை அக்கா இரவல் கேட்டதும் திருவிழாப் பொறுப்பாளர் அந்தோணி அண்ணன் தலையில் கைவைத்தார்.

“விளையாடுறியா தங்கச்சி? இன்னைக்குத் தேர். மாதா இருட்டுலயா போவாங்க?”

“மெழுகுவத்தி எதுக்குண்ணே இருக்கு? ஆளுக்கு ஒண்ணு பிடிங்க. பாய் மூச்சு விடணும் லா.”

“பாய்க்கு மாதா ஜெனரேட்டரா?”

“மாதாவையே கேளுங்க. வேணாம்னு சொன்னா நான் திரும்பிப் போறேன்.”

அண்ணன் சிரித்துவிட்டார். லோரி சாவியைக் கொடுத்தார். சர்ச் வயர்மேனையும் ஏற்றி அனுப்பினார்.

அவசரத்தில் ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் இறக்கினோம்.

“புகை மேல ஏறி எல்லாரையும் கொல்லவா? வெளிய தள்ளுங்கடா!” என்றார் அக்கா.

கார் நிற்கும் இடத்தின் கோடிக்குத் தள்ளினோம். வயர்மேன் பம்புக்கும் பாய் வீட்டுக்கும் வயர் இழுத்தார். ஸ்டார்ட் செய்ததும் மாதா பாட்டு அலறியது! தேர் ஸ்பீக்கரைக் கழற்ற மறந்துவிட்டோம். ஓடிப்போய் அணைக்கப் பார்த்தோம். நான்காம் மாடியிலிருந்து பாயின் மனைவி கத்தினார்: “பாட்டு பாடட்டும்! மெஷின் ஓடுது!”

எல்லா மாடியும் கைதட்டியது. குழாயில் தண்ணீர் கொட்டியது.

அன்று தேர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வந்து எங்கள் வாசலில் நின்றது. அப்படி ஓர் அழகான தேரை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு அக்கா விடவில்லை. வீடு வீடாகப் பேசி அடுக்குமாடிக்கே ஒரு ஜெனரேட்டர் வாங்க வைத்தார். முடியாதவர்கள் புயல் நேரத்தில் கீழ்மாடி வீடுகளில் தங்கவும் ஏற்பாடு செய்தார். ஆஸ்பத்திரியில் படுத்த கடைசி நாட்களிலும், “மழை வருதா? பம்பைப் பார்த்தியா?” என்றுதான் கேட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், அந்தோணி அண்ணனுக்கும், துக்க வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய பாய் குடும்பத்துக்கும் நன்றி.

போன மாதம் மறுபடி புயல். கரண்ட் போனது. நான் ஓடிக் கீழே இறங்கினேன். அதற்குள் அக்கம்பக்கத்து வீட்டார் ஜெனரேட்டரை வெளியே தள்ளியிருந்தார்கள். நான்காம் மாடிக்கு வயர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே வேலையே இல்லை. அதற்கும் அக்கா சார்பில் நன்றி.