செத்தவர் கோட்டைப் போட்ட மருமகள்

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஷுவாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

மோலெபொலோலே ஊரில் சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். பெரியவர் மோலெஃபியின் சவப்பெட்டியை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருடைய கம்பளிக் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, அவர் தடியை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடந்துவந்து ஷுவாய் வழியை மறித்தாள்.

"எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? நான் இன்னும் டீயே குடிக்கலையே" என்றாள், அச்சு அசல் அவர் குரலில்.

அவள் பிறந்த ஜிம்பாப்வேயில் இது மருமகளின் கடமை. மாமனார் செத்தால் அவர் துணியை உடுத்தி, அவரைப் போலவே நடந்து, திட்டி, துஷ்டி வீட்டையே சிரிக்கவைக்க வேண்டும். செத்தவரின் பிள்ளைகள் அவளுக்கு ஏதாவது காசு கொடுத்தால்தான் வழிவிட வேண்டும். செய்யாத மருமகளைத்தான் ஊர் காறித் துப்பும். இங்கே போட்ஸ்வானாவிலோ கூடியிருந்த இருநூறு பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

பெரியவருக்குத் தாய்மாமன் முறையான கிழவர் முன்னால் வந்தார். இந்த ஊர் வழக்கப்படி செத்தவர் துணியை ஒரு மாதம் கழித்து அவர்தான் எடுத்துத் துவைத்துப் பங்கு வைக்க வேண்டும். அதுவரை அதன்மேல் ஒரு விரல் படக்கூடாது.

"அந்தக் கோட்டைத் தொடச் சொன்னது யாரு?"

"எங்க ஊர்ல மருமகதான்..." என்று ஆரம்பித்தாள் ஷுவாய்.

"மருமகளா?" பெரியவரின் மகன் ஓதெங்கின் முகம் வெளிறிப்போயிருந்தது. "நீ சம்பளத்துக்கு வந்தவ. கழட்டு அதை. திங்கக்கிழமை பஸ் ஏறிடு."

அவள் உயிரே அந்தத் திங்கட்கிழமையில்தான் இருந்தது. பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்றுதான் அவளுக்கு வேலை அனுமதி. தன் வீட்டு வேலைக்கு அதை மாற்றித் தருகிறேன், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று ஓதெங் சொல்லியிருந்தான். அது இல்லையென்றால் அவள் ஜிம்பாப்வேயில் தன் ஊரான குட்டுவுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் அவள். சம்பளம் கைக்கு வந்து கடைக்கு நடப்பதற்குள் ரொட்டி விலை ஏறிவிடும். கடைசி மாதச் சம்பளத்துக்கு ஒரு சோப்புக்கட்டிதான் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளையும் புருஷனிடம் விட்டுவிட்டு எல்லை தாண்டியது அதனால்தான், ஆசைப்பட்டு யார் வருவார்கள்?

வந்த நாலு வருஷத்தில் எதைத்தான் பழகவில்லை? மூன்றே மாதத்தில் ஊர்ப் பாஷை, புளித்த சோளக் கூழ், துஷ்டிக்குப் போனால் தோளை மூடும் சால்வை, கடைக்காரன் "வந்தேறி" என்றால் கேட்காத மாதிரி நிற்பது, எல்லாம் பழகினாள். ஒருநாள் பெரியவர் அவள் புருஷனின் குலச்சின்னம் என்னவென்று கேட்டார். முதலை என்றாள்.

"அடிப்பாவி, நாங்களும் முதலைதான். அப்ப உன் புருஷன் எனக்கு மகன் முறை, நீ என் மருமக. கூழ்ல உப்பு இல்லைன்னா இனிமே உரிமையாத் திட்டுவேன்."

திட்டவும் செய்தார். சாகும்வரை அவர் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த முறைக்குத்தான் அவள் கோட்டை மாட்டினாள். பாழாய்ப்போன முறை.

இடுகாட்டுக்கு அவளை வரவிடவில்லை. துஷ்டிச் சாப்பாட்டுக்கு வெந்துகொண்டிருந்த இறைச்சிப் பானைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். கூடவே பெரியவரின் மகள் மசெகோவும் வந்தாள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். விமானம் தாமதமாகி நேரே இடுகாட்டுக்குப் போய் மூடிய பெட்டியைத்தான் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு நேராகப் பானைகளிடம் வந்தாள்.

"அப்பா மாதிரி நடந்தியாமே."

"தெரியாம செஞ்சிட்டேன், அக்கா."

"நடந்து காட்டு."

ஷுவாய் தயங்கித் தயங்கி நடந்தாள்.

"கால் ஏன் இழுக்குது?"

"பக்கவாதம் வந்த காலாச்சே, அக்கா. நான் வர்றதுக்கு முன்னாடியே வந்ததாம்."

மசெகோ விறகுக்கட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசினேன். மாட்டுப்பட்டிக்கு நடந்தே போயிட்டு வந்தேன்னு சொன்னாரு. எல்லா ஞாயித்துக்கிழமையும் அதையேதான் சொன்னாரு. அண்ணன்கூட வாயைத் திறக்கலையே."

அந்த போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றவள் ஷுவாய்தான். வாயைத் திறக்காதே என்று அவர் கண்ணைக் காட்டுவார். இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னாள். மசெகோ அழவில்லை. "இன்னொரு தடவை நட" என்றாள். ஷுவாய் நடந்தாள். மூன்றாவது தடவையும் நடந்தாள்.

கேட்டுவிடலாம் என்று அப்போதுதான் துணிச்சல் வந்தது.

"அக்கா, என் வேலை அனுமதிக் காயிதத்துல அண்ணன்தான் கையெழுத்துப் போடணும்னு இல்ல. இந்த வீட்டுப் பொண்ணு நீங்க கையெழுத்துப் போட்டாலும் போதும்."

மசெகோ கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். இங்கிலாந்து பாஸ்போர்ட்.

"என் கையெழுத்து இங்க செல்லாது. அங்க குடியுரிமை வாங்கினப்பவே இங்கத்தது போயிடுச்சு. எங்கப்பா வீட்டுல இருக்க எனக்கே தொண்ணூறு நாள்தான் முத்திரை குத்தியிருக்கான்."

ஷுவாய் அந்த முத்திரையை இரண்டு தடவை படித்தாள். தன் வேலை அனுமதியில் இருந்த அதே மை, அதே வார்த்தைதான்: வெளிநாட்டவர்.