கயிற்றைத் தொடாத கேப்டன்

மெர்சி இறந்த செய்தி வந்தபோது நான் அவளைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில், அவள் படுத்திருந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகும் டவுன் பஸ்ஸுக்காக, சாத்துக்குடிப் பையோடு நின்றிருந்தேன். அவள் தம்பி சாமுவேல் கைபேசியில் அழைத்து, "அக்கா போயிடுச்சுண்ணே. நீங்க நேரா ஊருக்கு வந்துடுங்க" என்றான். மயிலாடுதுறைப் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. அன்றைக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலுத்துப்போன உடம்பில் அழுவதற்குத் தெம்பில்லை.

எங்களோடு அந்தப் பாய்மரக் கப்பலில் பயிற்சி பெற்றவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று பாய்மரங்கள் கொண்ட பெரிய கப்பல் அது. சின்ன வயசுக்காரர்கள் அதில் ஏறி, கயிறு இழுக்கவும் பாய் சுருட்டவும் கற்றுக்கொண்டு, கடைசியில் ஆளுக்கு ஒரு நாள் கேப்டனாக நின்று கப்பலை நடத்திக் காட்டவேண்டும். மெர்சி நெல் விவசாயம் பார்க்கும் லுத்தரன் குடும்பத்துப் பெண். நான் தஞ்சாவூர்க் கடைவீதியில் வளர்ந்தவன். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததற்கு மேல் எங்கள் இருவருக்கும் கடல் தெரியாது. முதல் வாரம் கப்பலின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாந்தி எடுத்துத்தான் நண்பர்களானோம். மற்றவர்கள் எங்களுக்கு வயக்காட்டுக் கோஷ்டி என்று பேர் வைத்தார்கள்.

கேப்டனாக நிற்பவர் கயிற்றைத் தொடக்கூடாது என்பது அந்தக் கப்பலின் வழக்கம். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவருடைய வேலை: காற்றை, பாயை, ஆட்களை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் இது நடக்கிற காரியமா? வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் நிலத்துக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். கையைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்பவனை ஊரே ஏசும். மெர்சியின் முறை வந்த அன்று, பாயை இழுக்க முடியாமல் பிள்ளைகள் திணறியதைப் பார்த்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. குதித்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டாள். நன்றாகவே இழுத்தாள். ஆனால் காற்று திரும்பியதைப் பார்க்க அங்கே ஆளில்லை. பாய் பின்னுக்கு அடித்தது. உச்சியில் குறுக்குக் கட்டைமேல் நின்றிருந்த நான் கால் இடறி, இடுப்புப் பட்டையில் தொங்கினேன்.

கப்பலின் நிஜக் கேப்டன் அவளைத் திட்டவில்லை. இன்னொரு வாய்ப்பு உண்டு, அதிலும் இப்படி ஆனால் சான்றிதழ் இல்லாமல் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று தணிந்த குரலில் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவள் அவள். எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவாள்? அதற்குப் பிறகு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் தளத்தின் நடுவில், மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்தபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். "சும்மா நிக்கிறதுதாண்டா கஷ்டமா இருக்கு. கை நமநமங்குது" என்பாள்.

அவளுடைய இரண்டாவது முறையன்று மழையோடு காற்று வந்தது. ஒரு கயிறு சிக்கிக்கொண்டது. அன்றும் நான்தான் மேலே. பழைய பயத்தில் உறைந்துபோய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே பார்த்தால் மெர்சி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். யார் விடவேண்டும், யார் பிடிக்கவேண்டும் என்று பேர் சொல்லிச் சொல்லிக் கயிற்றைச் சரிசெய்ய வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பஷீரு, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வலது கால மட்டும் கீழ வை." வைத்தேன். அடுத்து இடது கால். அப்படியே இறங்கி வந்தேன். அவள் மணிக்கட்டில் அவளுடைய நகமே பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

இருவரும் சான்றிதழ் வாங்கிய பிறகு நான் கப்பலை விட்டுக் கரையில் வேலை தேடிக்கொண்டேன். அவள் அதே கப்பலில் துணை கேப்டன்வரை வந்தாள். கேப்டன் பதவியை மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. நான் கோபப்பட்டால், "விடுடா, காத்துக்கு யாரு கேப்டன்னு தெரியவா போகுது?" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நான் மருந்துக்கும் பரிசோதனைக்குமாக ஓடியபோதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடாதே, இப்படி உட்கார்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார் என்றாள். உட்கார்ந்தேன்.

அடக்கத்தன்று பெட்டியைக் கயிறு கொடுத்து இறக்கினார்கள். ஒரு மூலைக் கயிறு சாமுவேல் கையில். அழுகையில் அவன் பிடி தளர, பெட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கயிற்றை வாங்க ஓரடி எடுத்து வைத்துவிட்டேன். அங்கேயே நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சாமுவேலு, நீ அப்படியே புடிச்சுக்க. எதிர்ப்பக்கம் கொஞ்சம் விடுங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். பெட்டி நேரானது. மெதுவாக இறங்கியது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்: கை நமநமத்தாலும், கடைசிவரை கண்ணை எடுக்காமல் நிற்பது. பெட்டி தரையைத் தொட்டு, கயிறுகள் வெறுமனே மேலே வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.