நீலப்பொட்டுத் தட்டுகள்

"டேய் கந்தகம், தட்டு! தட்டை வச்சிட்டுப் போடா!"

கரண்டியும் கையுமாக லாரிக்குப் பின்னால் ஓடினாள் நாச்சிலிமா. எல்லைச் சோதனைக்காக நின்றிருந்த லாரி வரிசை நகர்ந்துவிட்டது. மடியில் களித்தட்டும் வாயில் பாதிக் கவளமுமாக டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிவிட்டு எல்லையைத் தாண்டித் தான்சானியாவுக்குள் போனான்.

"போ, போ. உன்னைவிட என் தட்டு ஒழுங்கா வீடு திரும்பும்!"

அது உண்மைதான். நகோண்டே எல்லையில் அவளிடம் சாப்பிடாத லாரிக்காரன் குறைவு. தட்டின் அடியில் நீலப் பெயிண்டில் ஒரு பொட்டு. அதை எந்த ஊரில் பார்த்தாலும் இந்தப் பக்கம் வரும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வெறும் தட்டாகத் தரக் கூடாது. தார் எஸ் ஸலாமிலிருந்து தேங்காய் வரும், ம்பேயாவிலிருந்து அரிசி வரும். ஒருமுறை காலைக் கட்டிய கோழிக்குஞ்சு வந்தது. வெறும் தட்டை நீட்டியவன் அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

யார் பெயரையும் அவள் கேட்டதில்லை. ஏற்றிவந்த சரக்குதான் பெயர். முதல்முறை சிமெண்டு ஏற்றி வந்தவன், பிறகு சோப்பு ஏற்றி வந்தாலும் 'சிமெண்டு'தான். காலையில் இடுப்பில் கை வைத்து ரோட்டைப் பார்ப்பாள். லாரி வரிசை பெட்ரோல் பங்கைத் தாண்டியிருந்தால் இரண்டு பானை பீன்ஸ், இல்லாவிட்டால் ஒன்று. வரிசை நீளமாக நிற்பதுதான் அவள் பிழைப்பு.

அந்த வரிசைதான் கரையத் தொடங்கியது. ரோட்டை அகலப்படுத்தினார்கள். பழைய ரயில் பாதையில் புதுப் பணம் கொட்டி, தண்டவாளத்தை மாற்றி, லாரியில் போன செம்பை ரயிலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். பானை பாதிக்கு மேல் மீந்தது. மூன்று வேளையும் பீன்ஸ் தின்று அவள் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தன.

பிழைப்பு போகிறது என்று முறையிட, ஊர்க் கவுன்சில் கூட்டத்துக்கு அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள் மற்ற கடைக்காரிகள். ஊரில் பெரிய வாய் அவளுக்குத்தான். எழுந்தாள், தொண்டையைச் செருமினாள்.

"எங்களுக்கு வரிசை வேணும்னு எந்த மூஞ்சியோட கேக்கறது? என் தங்கச்சி லாரியில ஏத்திவிட்ட தக்காளி நின்னு நின்னு அழுகினதும் இதே வரிசையிலதான்."

உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு அணைஞ்சா உன் தங்கச்சி வந்து ஊதுவாளா?" என்று பக்கத்துக் கடை நகாம்பா கேட்டாள். அதற்குப் பிறகு நகாம்பா அவளோடு பேசவில்லை. நாச்சிலிமாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டில் இருந்த ஒரே பசுவை விற்றாள். ரயில் சரக்குக் கொட்டடியின் வேலி ஓரம் இடம் பிடித்து, தகரம் போட்டு, அடுப்பு மூட்டினாள். ரயில்காரர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டே வருகிறவர்கள், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பானையை ஏற்றினாள். முதல் நாள் காக்கைகள் வந்தன. இரண்டாம் நாளும் அவைதான் வந்தன.

மூன்றாம் நாள் மதியம் செம்பு ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கினான், மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, கருவாடா அது?"

"மூக்கு நல்லா வேலை செய்யுது. உக்காரு."

நாலு வாய்தான் உள்ளே போயிருக்கும், என்ஜின் ஊதிவிட்டது. அவன் பதறி எழுந்து தட்டை அடுப்போரம் வைத்தான். "வண்டி போயிடும்க்கா. தட்டு இந்தா, பத்திரம்" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தை நோக்கி ஓடினான்.

நாச்சிலிமா தட்டைத் தூக்கி அடியிலிருந்த நீலப்பொட்டைப் பார்த்தாள். அதில் இன்னொரு உருண்டை களியும் ஒரு கரண்டி பீன்ஸும் போட்டாள்.

"டேய் செம்பு! தட்டு! தட்டை எடுத்துட்டுப் போடா!"

நகரும் வண்டியோடு கூடவே ஓடி, எட்டி, அவன் கையில் திணித்தாள்.