மயிலுக்குப் பயந்த தாய்மாமன்

போன ஞாயிற்றுக்கிழமை, திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுக்கோயிலில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். அவரோ பட்டுவேட்டி கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்...

காரணம், மயில்!

கோடையில் ஒருநாள், பாலவனத்தம் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நுங்கு சாப்பிட்டோம். அங்கே வந்த ஆண் மயில் ஒன்று ஸ்கூட்டர் கண்ணாடியில் தன்னையே பார்த்து, எதிரி என்று நினைத்துக் கொத்த ஆரம்பித்தது. விரட்டப் போன எங்கள் மேலும் பாய்ந்தது. ஆளுக்கொரு கீறல். ஆளுக்கொரு ஊசி.

நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தே தீர்த்துவிட்டேன். அவர்?

அவர் பிறவியிலேயே பதற்றக்காரர். அருப்புக்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பாதி வழி வந்து, திரும்பப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். இத்தனைக்கும் அது அவரே விற்கிற பூட்டு!

முதலில் பாலவனத்தம் ரோட்டை விட்டார். விருதுநகருக்குச் சரக்கெடுக்க ஊரெல்லாம் சுற்றிப் போனார். அடுத்து ஸ்கூட்டர் கண்ணாடிக்குத் துண்டு கட்டினார். பிறகு பக்கத்து வீட்டுச் சேவலைக் கண்டாலும் ஒதுங்கினார். சேவல் என்ன பாவம் செய்தது? கடைசியில் என் மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவையும் பரணுக்குப் போனது.

கேட்டால், சுற்றிப் போவதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பார். நேராகப் போனாலும் ஒன்றும் ஆகாது என்பது எப்படித் தெரியும்? போனால்தானே தெரியும்!

ஒரே மயில், ஒரே மாதிரிக் கீறல். எனக்கு அது ஒரு கதை. அவருக்கு அது ஒரு சட்டம். கவலைப்படுகிற சுபாவத்தில் ஒரு பயம் விழுந்துவிட்டால், அது தனியாக இருப்பதில்லை போலிருக்கிறது — சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

காதுகுத்தை டவுன் மண்டபத்தில் வைக்கச் சொல்லித் தங்கச்சியிடம் போனில் கெஞ்சினார்.

"அண்ணே, சாமி காட்டுலதான இருக்காரு. மண்டபத்துக்கு வரச் சொல்லவா?" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "நீங்க வரலைன்னா எம்பிள்ளைய யாரு மடியில வைக்க?"

வந்தார் — ஹெல்மெட்டோடு.

ஹெல்மெட்டைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டது. அதைக் கழற்றினால்தான் ஊசியையே எடுப்பேன் என்று ஆசாரி கையைக் கட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் கழற்றினார்.

ஒரு காது முடிந்தது. பிள்ளை அலறிக்கொண்டிருக்க, அந்த நேரம் பார்த்து வந்தது... மயில்!

தரையில் சிந்திக் கிடந்த அரிசியை நோக்கி நேராக நடந்து வந்தது. என் வீட்டுக்காரர் பிள்ளையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எழுந்தால் பிள்ளை விழும். வியர்வை கொட்டியது. மயிலோ அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாகப் பொறுக்கித் தின்றது. அவரை ஒரு ஆளாகவே அது மதிக்கவில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு மயிலைப் பார்த்துக் கை நீட்டியது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றையும்.

அரிசி தீர்ந்தது. மயில் கிளம்பப் பார்த்தது. இன்னொரு காது பாக்கி.

அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் அரிசி போடு. அது போயிருச்சுன்னா பிள்ள அழும்."

போட்டேன். சிரிப்பை அடக்கியதில் பாதி அரிசி என் காலடியிலேயே கொட்டியது.

பந்தியில் தங்கச்சி வீட்டுக்காரர், திடீரென்று இவ்வளவு தைரியம் எப்படி வந்தது என்று கேட்டார்.

"தைரியமெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. மடியில பிள்ள இருந்துச்சு, எந்திரிச்சு ஓட முடியல."

உலகத்தில் பாதி வீரர்கள் இப்படித்தான் உருவாகியிருப்பார்கள்... வெளியில்தான் சொல்ல மாட்டார்கள்!